பம்ப் டெஸ்ட் செய்பவருக்கு ராக்கெட் எவ்வளவு தூரம்?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்கிறார், சரி. வயது 26. தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்து 71 சதவீதம் எடுத்தவர். நாலு வருடமாக ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. 2023 ஆகஸ்ட் 23 மாலை கேன்டீன் டிவியில் சந்திரயான்-3 இறங்கியதைப் பார்த்த நாள் முதல் ராக்கெட் பித்து பிடித்துவிட்டதாம். இப்போது மூன்று கேள்விகள். வேலையை விட்டுவிட்டு, 45,000 ரூபாய் கட்டி மூன்று மாத ஆன்லைன் 'ராக்கெட் சயின்ஸ்' சான்றிதழ் படிப்பில் சேரலாமா? அப்பா தன் ஓய்வூதியப் பணத்திலிருந்து தருகிறேன் என்கிறாராம். நண்பர்கள் இருவரோடு மொட்டைமாடியில், உரமும் சர்க்கரையும் எரிபொருளான 'சர்க்கரை ராக்கெட்' செய்து பார்க்கலாமா, சட்டம் ஏதும் குறுக்கே வருமா? ஐஐடி வாசனையே இல்லாதவர் இதற்குள் நுழைய முடியுமா?

நடுவில் ஒரு ஆதங்கம்: "அமெரிக்காக்காரன் மூணு நாள்ல நிலாவுக்குப் போனான், நமக்கு 40 நாள். நம்ம ராக்கெட் அவ்வளவு ஸ்லோவா சார்?" கடைசியில் ஒரு வரி: "பம்ப் டெஸ்ட் பண்ற எனக்கும் ராக்கெட்டுக்கும் சம்பந்தமே இல்ல, எல்லாம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

தம்பி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் பெரிய தவறு அதுதான்.

நான் ஓய்வு பெறும்வரை திரவ எரிபொருள் இயந்திரங்களின் சோதனை மேடைப் பக்கமே கிடந்தவன். அந்த இயந்திரம் வெளியே பார்க்க நெருப்பு, உள்ளே பாதி பம்ப். எரிபொருள் ஒரு தொட்டியில், அதை எரிக்க ஆக்சிஜன் தரும் ஆக்சிடைசர் இன்னொன்றில். இரண்டையும் உறிஞ்சி, எரியும் அறையின் அழுத்தத்தையும் மீறி உள்ளே தள்ள வேண்டும். அதைச் செய்வது டர்போபம்ப். அதிலும் இம்பெல்லர் என்னும் சுழல் சக்கரம், சீல், பேரிங்தான். ஓட்டுவதற்கு மோட்டாருக்குப் பதில் ஒரு டர்பைன், அவ்வளவே.

உங்கள் டெஸ்ட் பெட்டில் பம்ப் உறிஞ்சும் பக்கத்திலுள்ள சக்‌ஷன் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடும்போது, ஒரு கட்டத்தில் பம்புக்குள் கூழாங்கல் உருள்வது போல் சத்தம் வருமே, அழுத்தம் குறைந்து திரவம் உள்ளேயே குமிழ்விட்டுக் கொதிக்கும் அந்தக் கேவிட்டேஷன்தான் எங்களுக்கும் எமன். உங்களுக்கு வெறும் தண்ணீர். எங்களுக்கு மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜன், கொதிக்க ஒரு சாக்கு கிடைக்காதா என்று காத்திருக்கும் சரக்கு. சக்‌ஷன் அழுத்தத்தைக் கூட்டினால் தப்பிக்கலாம். ஆனால் அதற்குத் தொட்டிச் சுவரைத் தடிமனாக்க வேண்டும், எடை ஏறும். அதனால் இம்பெல்லருக்கு முன்னால் இன்டியூசர் என்று திருகாணி போன்ற ஒரு சின்ன இம்பெல்லரை வைத்துச் சமாளிக்கிறோம். சந்திரயான்-3ஐத் தூக்கிய எல்விஎம்3 ராக்கெட்டின் மேல்நிலையில் இருக்கும் சிஇ-20 இயந்திரத்தின் எரியறை அழுத்தம் சுமார் 60 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 60 மடங்கு. அதை உங்கள் பாஷைக்கு மாற்றுங்கள். தண்ணீராக இருந்தால் 600 மீட்டர் சொச்சம் ஹெட், அதாவது அவ்வளவு உயரத்துக்கு ஏற்றும் அழுத்தம். திரவ ஹைட்ரஜனின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 70 கிலோதான், ஆகவே அதே 60 பார் ஏறத்தாழ 8,700 மீட்டர் ஹெட். எவரெஸ்ட் உச்சிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மாதிரி! குழாயிலும் இன்ஜெக்டரிலும் இழப்பது இதற்கு மேல். இந்தக் கணக்கின் ஒவ்வொரு வரியும் உங்களுக்கு ஏற்கனவே தெரியும். பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

ராக்கெட் என்பது எடைக் கணக்கு

ராக்கெட் காற்றைத் தள்ளித்தான் மேலே போகிறது என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட வேண்டாம். வெற்றிடத்தில் தள்ள எதுவுமில்லையே என்று 1920இல் அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டைக் கிண்டல் செய்து தலையங்கமே எழுதியது நியூயார்க் டைம்ஸ். அப்போலோ 11 நிலாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 1969 ஜூலை 17 அன்று திருத்தம் போட்டது. ராக்கெட் தள்ளுவது காற்றை அல்ல, தன் வயிற்றில் இருப்பதையே. வாயுவைப் பின்னால் எறிகிறது, அதன் எதிர்விளைவு ராக்கெட்டை முன்னால் தள்ளுகிறது.

இதை ஒரே சமன்பாட்டில் அடக்கி 1903இல் வெளியிட்டவர் காது சரியாகக் கேட்காத ஒரு ரஷ்யப் பள்ளி ஆசிரியர், சியால்கோவ்ஸ்கி. கிடைக்கும் வேக மாற்றம் = வாயு வெளியேறும் வேகம் × (தொடக்க எடை ÷ முடிவு எடை)யின் இயல் மடக்கை. இந்த வேக மாற்றத்தைத்தான் துறையில் எல்லோரும் டெல்டா-வி என்கிறார்கள். எங்கள் உலகத்தில் ரூபாய்க்குப் பதில் புழங்குவது இதுதான்.

பூமிக்கு அருகே சுற்றுப்பாதையில் நிற்க விநாடிக்கு சுமார் 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஈர்ப்பும் காற்றுத் தடையும் தின்பதைச் சேர்த்தால் சுமார் 9.4. மண்ணெண்ணெய் இயந்திரத்தில் வாயு 3.3 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வையுங்கள். போட்டுப் பார்த்தால் எடை விகிதம் 17க்கு மேல் வரும். 100 டன் ராக்கெட்டில் 94 டன் எரிந்துபோகும் பொருள். மிச்சம் 6 டன்னுக்குள் தொட்டி, இயந்திரம், மின்சாதனம், செயற்கைக்கோள் எல்லாம். முடிகிற காரியமா? அதனால்தான் காலியான தொட்டியை வழியிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறோம். 'ஸ்டேஜ்' என்பதன் முழு ரகசியம் இவ்வளவுதான்.

'மேலே போனால் ஈர்ப்பு இல்லை' என்பதையும் விட்டுவிடுங்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தரையில் இருக்கும் ஈர்ப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். பக்கவாட்டு வேகத்தால் பூமி மட்டும் தப்பித் தப்பிப் போகிறது.

மூணு நாளும் நாற்பது நாளும்

இப்போது உங்கள் ஆதங்கம். சந்திரயான்-3 ஜூலை 14இல் கிளம்பியது. 17 நாள் பூமியையே சுற்றியது. ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலாவை நோக்கித் தள்ளப்பட்டு 5ஆம் தேதி நிலாவைச் சுற்றும் பாதைக்குள் நுழைந்தது. உண்மையான பயணம் ஐந்தே நாள்! அப்போலோ 11 அதே தூரத்தை மூன்று நாளில் கடந்தது. வித்தியாசம் நீங்கள் நினைத்த அளவு இல்லை.

அந்த 17 நாள் எதற்கு? அப்போலோவைத் தூக்கிய சாட்டர்ன் 5 கிட்டத்தட்ட 3,000 டன். நம் எல்விஎம்3 சுமார் 640 டன். அவர்களிடம் இருந்த பெரிய மேல்நிலை சில நிமிடங்களில் ஒரே உந்தலில் நிலாவை நோக்கி அனுப்பிவிட்டது. நாம் சின்ன இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஊஞ்சல் தள்ளுவது போல் தள்ளினோம். ஊஞ்சல் கீழே வரும்போது மட்டும் ஒரு தள்ளு. விண்கலம் பூமிக்கு மிக அருகில், மிக வேகமாக வரும் இடத்தில் எரித்தால் அதே எரிபொருளுக்கு அதிகப் பலன். ஒவ்வொரு தள்ளுக்கும் நீள்வட்டப் பாதையின் மறுமுனை இன்னும் தொலைவுக்குப் போகும். நேரத்தைக் கொடுத்து எடையை மிச்சம் பிடிக்கும் வியாபாரம் இது. ஆள் போகாத பயணத்தில் நேரம் மலிவு.

நிலாவுக்குப் போன பிறகும் 18 நாள் சுற்றியதே? அதில் ஒரு பகுதி பாதையைப் படிப்படியாகத் தாழ்த்த. இன்னொரு பகுதி விடியலுக்காக. தரையிறங்கும் கலம் சூரிய மின்சாரத்தில் ஓடுவது. நிலாவில் ஒரு பகல் நமக்கு 14 நாள். இறங்கும் இடத்தில் பொழுது விடியும்போது இறங்கினால் முழுப் பகலும் கையில் இருக்கும். தவறவிட்டால் அடுத்த விடியலுக்கு ஒரு மாதம். திட்டமிடுபவர்கள் காலண்டரில் முதலில் வட்டம் போடுவது இறங்கும் நாளுக்குத்தான், கிளம்பும் நாள் அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வருவது. கல்யாண முகூர்த்தத்தைக் குறித்துவிட்டு மண்டபம், பத்திரிகை, சமையல்காரர் என்று பின்னால் நகர்வோமே, அதே வழிமுறை.

செவ்வாய்க்குப் போனால் முகூர்த்தம் இன்னும் அரிது, சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறைதான். மங்கள்யான் 2013 நவம்பர் 5இல் கிளம்பியது. அதைத் தவறவிட்டிருந்தால் 2016 வரை காத்திருக்க வேண்டும். வழியில் நான்காவது முறை பாதையை உயர்த்தும்போது உந்துவிசை குறைந்துபோய், 1 லட்சம் கிலோமீட்டர் போக வேண்டிய மறுமுனை சுமார் 78,000இலேயே நின்றது. மறுநாளே கூடுதலாக ஒரு உந்தல் கொடுத்துச் சரிசெய்தார்கள். அதற்கு எரிபொருள் கையிருப்பு இருந்தது. அப்புறம் பிரதான இயந்திரம் 300 நாள் தூங்கியது. மறுபடி எரியுமா? செவ்வாயை நெருங்கிய பின் 2014 செப்டம்பர் 22இல் சுமார் 4 விநாடி மட்டும் எரித்துப் பார்த்தார்கள். எரியாவிட்டால் எட்டுச் சின்னத் தள்ளிகளை வைத்துச் சமாளிக்க ஒரு மாற்றுத் திட்டமும் தயாராக இருந்தது. இரண்டு நாள் கழித்து 24 நிமிடம் எரிந்து பாதையில் நின்றது. அங்கிருந்து சிக்னல் வந்து சேரவே 12 நிமிடம். அதனால் கட்டளைகளை முன்கூட்டியே ஏற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். 'மிஷன் பிளானிங்' என்றால் அழகான பாதை வரைவது என்று நினைத்திருப்பீர்கள். பாதி வேலை 'இது நடக்காவிட்டால் என்ன' என்ற பட்டியல் போடுவதுதான்.

நம் ஊர்ப் பக்கமே ஒரு பாடம் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். ஏன் அங்கே? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் கீழே இலங்கை. கழன்று விழும் பாகங்கள் மக்கள் தலையில் விழக்கூடாது என்பதால் ராக்கெட் முதலில் கிழக்கே விலகிப் போய்ப் பிறகு திரும்ப வேண்டும். அந்த வளைவுக்கு டெல்டா-வி செலவாகிறது. பெரிய ராக்கெட் தாங்கும், 500 கிலோ தூக்கும் எஸ்எஸ்எல்வி போன்ற சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய இடி. குலசேகரப்பட்டினத்திலிருந்து தெற்கே திறந்த கடல்தான். உலக வரைபடத்தை விரித்து இதை ஒருமுறை பென்சிலால் வரைந்து பாருங்கள்.

மொட்டைமாடி ராக்கெட் வேண்டாம்

"உரமும் சர்க்கரையும்தானே சார், அமெரிக்காவில் ஸ்கூல் பசங்க செய்றாங்க" என்கிறார் உங்கள் நண்பர். அங்கே அதற்குச் சங்கங்கள், தேர்ச்சிச் சான்று, ஏவுவதற்கென்று ஆளில்லா மைதானம் எல்லாம் உண்டு. இங்கே நிலைமை வேறு. நான் வக்கீல் இல்லை, ஆனால் பணிக்காலம் முழுக்க இந்தச் சட்டத்தோடு குடித்தனம் நடத்தியவன். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் 'வெடிபொருள்' என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே ராக்கெட் என்ற சொல் இருக்கிறது. தயாரிக்க 2008ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். 'படிப்பதற்காகச் செய்தோம்' என்பது காவல் நிலையத்தில் எடுபடும் என்று நம்பி இறங்க வேண்டாம். விபத்து ஆகிவிட்டால் 1908ஆம் ஆண்டின் இன்னொரு வெடிபொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும், அதில் தண்டனை கடுமை. 26 வயதில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர் பெயரில் ஒரு எஃப்ஐஆர் தேவையா?

சட்டத்தை விடுங்கள். பிவிசி குழாய்க்குள் அடைத்துப் பற்றவைப்பது வெடித்தால் குழாய் கத்தியாகப் பறக்கும். உரிமம் வாங்கி, பரம்பரையாகச் செய்யும் சிவகாசிப் பட்டறைகளிலேயே உயிர்கள் போவதை வருடாவருடம் படிக்கிறோம்.

அதற்குப் பதில் இரண்டு லிட்டர் சோடா பாட்டில், சைக்கிள் பம்ப், வால்வு பொருத்திய ஒரு கார்க், திறந்த மைதானம். அழுத்தம் 4 பாருக்கு மேல் வேண்டாம், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தள்ளி நின்று கயிற்றால் இழுத்து விடுங்கள். முதலில் தண்ணீர் இல்லாமல் வெறும் காற்றை அடைத்து விடுங்கள். 'டப்' என்று கொஞ்ச தூரம் போய் விழும். அடுத்து மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். சீறிக்கொண்டு போகும். ஏன்? இப்போது பின்னால் எறிய எடை இருக்கிறது. பிறகு முக்கால் பாட்டில் தண்ணீர் வைத்துப் பாருங்கள், தள்ளுவதற்குக் காற்று போதாமல் சோம்பேறியாக எழும். சியால்கோவ்ஸ்கியை ஒரு சாயங்காலத்தில் கையால் தொட்டுப் பார்த்துவிடலாம். அழுத்தம் அளக்க நல்ல கேஜ் உங்கள் டெஸ்டிங் பிரிவிலேயே இருக்கும்.

நிஜ மாடல் ராக்கெட்தான் வேண்டும் என்றால், தனியார் விண்வெளி முயற்சிகளுக்கு அனுமதி தரும் அரசின் இன்ஸ்பேஸ் அமைப்பு மாணவர்களுக்காக நடத்திய மாடல் ராக்கெட் போட்டி போன்றவை முறையான அனுமதியோடு நடப்பவை. நீங்கள் மாணவர் இல்லை. ஆனால் உங்கள் பழைய கல்லூரியில் ஒரு குழு சேர்த்தால் வழிகாட்டியாக நிற்கலாம்.

45,000 ரூபாயும் வேலையும்

வேலையை விடாதீர்கள். அப்பாவின் பணத்தையும் தொடாதீர்கள். இஸ்ரோ விஞ்ஞானி/பொறியாளர் பணிக்கு அண்மை அறிவிப்புகளில் கேட்டது இதுதான்: உரிய பிரிவில் பி.இ., 65 சதவீதம் அல்லது 10க்கு 6.84, வயது 28க்குள், ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு அரசு விதிப்படி தளர்வு. மெக்கானிக்கலும் அந்தப் பிரிவுகளில் ஒன்று. எந்தத் தனியார் சான்றிதழும் அந்தப் பட்டியலில் இல்லை. ஐஐடியும் இல்லை. உங்கள் 71 போதும், ஆனால் வயது கடிகாரம் ஓடுகிறது. அந்தப் பயிற்சி நிறுவனம் 'வேலை உறுதி' என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையையும் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஐஐடி பற்றிய உங்கள் பயத்துக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், டிப்ளமோ படித்து 1984இல் உள்ளே போனவர். ஐஐடி கரக்பூரில் கிரையோஜெனிக் படிப்பு அதற்குப் பிறகுதான். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரம் ப. வீரமுத்துவேல், அவரும் டிப்ளமோவில் தொடங்கியவர்.

இஸ்ரோ ஒன்றே வழி என்றும் இல்லை. 2020இல் தனியாருக்குக் கதவு திறந்தபின் நிலைமை மாறிவிட்டது. ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த அக்னிகுல் 2024 மே 30இல், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் செய்த இயந்திரத்தோடு ஸ்ரீஹரிகோட்டாவில் சோதனை ராக்கெட்டை ஏவியது. இப்படிப்பட்ட இடங்களில் பம்ப், வால்வு, டெஸ்ட் பெட் தெரிந்த ஆளுக்கு வேலை இருக்கும். 'நாலு வருடம் பம்ப் டெஸ்ட்' என்பதை உங்கள் விண்ணப்பத்தில் மேலே போடுங்கள், சின்ன எழுத்தில் கீழே ஒளிக்காதீர்கள். இன்னொரு வழி கேட் தேர்வு எழுதி எம்.டெக். மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும், வீட்டுச் செலவுக்கு அது எட்டுமா என்பதை நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

படிக்கும் வரிசை

தினம் ஒரு மணி நேரம், ஆறு மாதம். முதலில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை எடுத்து உந்தம், ஈர்ப்பு இரண்டையும் கணக்கு உட்பட முடியுங்கள். அப்புறம் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இருக்கும் என்பிடெல் இணையதளத்தில் ராக்கெட் ப்ரொபல்ஷன், ஸ்பேஸ் ஃப்ளைட் மெக்கானிக்ஸ் பாடங்கள். காணொளி இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். பிறகு நாசா இலவசமாகத் தரும் ஜிமேட் மென்பொருள். எம்பிஏ நுழைவுத் தேர்வு இல்லை, பெயர் மட்டும் அப்படி. விண்கலப் பாதை போட்டுப் பார்க்கும் கருவி அது. முதல் வாரம் தலை சுற்றும், பரவாயில்லை.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள், அலகு. என் முதல் வருடத்தில் கேஜ் அழுத்தத்தையும், அதோடு வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்த அப்சல்யூட் அழுத்தத்தையும் குழப்பி இரண்டு பக்கம் கணக்குப் போட்டேன். மேலதிகாரி ஒன்றும் பேசாமல் மேலே சிவப்பு மையில் '1 பார் எங்கே?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயில் தொலைந்துபோனது பவுண்டையும் நியூட்டனையும் குழப்பியதால்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கணக்கு தருகிறேன். மங்கள்யான் கிளம்பும்போது எடை 1,337 கிலோ. அதில் எரிபொருளும் ஆக்சிடைசரும் 852 கிலோ. வாயு வெளியேறும் வேகம் விநாடிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, மொத்த டெல்டா-வி எவ்வளவு என்று போட்டு அனுப்புங்கள். 3 கிலோமீட்டரை ஒட்டி வர வேண்டும். 1.3 வந்தால் கால்குலேட்டரில் லாக் பட்டனை அழுத்தியிருக்கிறீர்கள், பக்கத்திலிருக்கும் எல்என் பட்டனை அழுத்துங்கள்.